ஸ்பைக்ஸ் ஷூவும் பதினோராவது கேள்வியும்

— நேரா சொல்லுங்க. நம்ம அகிலாவுக்கு அந்த ஸ்பைக்ஸ் ஷூவை யாரு வாங்கிக் குடுத்தா? இந்தப் பதினோராவது கேள்விலதான் அமெரிக்கா காலேஜ் விளையாட்டு ஃபாரம் நிக்குது.

— கடைல வாங்குனது, பஞ்சவர்ணம். கலாஸ், அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போ.

— எந்தக் கடைல? பெட்டில டாலர்ல விலை ஒட்டியிருக்கு.

— வருண் சார் குடுத்தாரு. நம்ம புள்ளையைக் கூப்பிடுற அமெரிக்கா காலேஜ்ல படிச்சவரு, இப்ப துபாய்ல பெரிய ஆளு. புள்ள ட்ரிபிள் ஜம்ப் தாண்டுறதைப் பார்த்துட்டு ஆசையாக் குடுத்தாரு. இதுல என்ன முஷ்கில்?

— அதைத்தான் இதுல கேட்டிருக்கான். ஆள் சேர்க்கிற காலேஜ்காரங்க, அவங்களைச் சேர்ந்தவங்க, யாராச்சும் எதாச்சும் குடுத்தாங்களான்னு. வாங்கியிருந்தா ஒரு வருஷம் ஆட விடாம உட்கார வச்சாலும் வச்சிருவாங்களாம்.

— ஒரு ஷூவுக்கா? கிறுக்குப் பயலுவ! ராஸ் அல் கைமால இருபது வருஷமா டைல்ஸ் சூளைல வெந்துக்கிட்டு கிடக்கேன், புள்ளைக்கு நல்ல ஷூ வாங்க வக்கில்லை. ஒருத்தன் குடுத்தா அதுவும் குத்தமா?

— உங்களை இங்க அனுப்புன ஏஜென்ட்டை மறந்துட்டீங்களா? திருச்சில லாட்ஜ் போட்டு மூணு நாளு பிரியாணி வாங்கிக் குடுத்தானே. நாலாவது நாளு பேப்பரை நீட்டுனப்ப என்ன பண்ணீங்க?

— கையெழுத்துப் போட்டேன்.

— படிச்சீங்களா?

— அவன் சோத்தைத் தின்னுட்டு எந்த மூஞ்சியோட படிச்சுப் பார்க்குறது? கூச்சமா இருந்துச்சு.

— ஏசி மெக்கானிக்னு சொல்லிட்டு சூளைல தள்ளுனாங்க. உங்க அப்பா செத்தப்பகூட உங்க பாஸ்போர்ட் கம்பெனி லாக்கரை விட்டு வெளிய வரல. அந்தக் கூச்சம் பதினேழு வயசுப் புள்ளைக்கு வரக் கூடாதுன்னுதாங்க இந்தச் சட்டமே. அவங்க குறிச்ச தேதி வர்றதுக்கு முன்னால காலேஜ் கோச் புள்ளைக்குப் போன் பண்ணக் கூடாதுங்கறதும் அதுக்குத்தான். புடிக்கலைன்னா புடிக்கலைன்னு அவ சொல்லணும்ல?

— ஏன், அவளுக்கு வருண் சார் காலேஜ் புடிக்கலையா?

— புடிக்கல. இன்னொரு காலேஜ்ல அந்த கோச் அம்மா இருக்காங்களே, அவங்ககிட்டதான் போகணுங்கறா. உங்ககிட்ட சொல்ல பயந்துக்கிட்டு என்கிட்ட அழுதா.

— அழுதாளா? நான் புள்ளை வாழ்க்கையைக் கெடுத்துட்டேனா, பஞ்சு?

— இன்னும் கெடல. பெட்டியைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். காலைலயே இந்த ஃபாரம்காரங்களுக்கு மெயில் போட்டுக் கேட்டுட்டேன். உண்மையை எழுதி, ஷூவைத் திருப்பிக் குடுத்துட்டா பெரும்பாலும் விட்டுருவாங்களாம்.

— அப்பாடா! யல்லா, இப்பவே கொண்டு போய்க் குடுத்துட்டு வர்றேன்.

— இருங்க. பதினொண்ணுக்கு ஆமான்னு போட்டாச்சு. பன்னெண்டாவது கேள்விக்கு அகிலா பாஸ்போர்ட்டை ஸ்கேன் பண்ணணும். அலமாரில இருந்து எடுங்க.

— அது... நாளைக்குப் பண்ணலாமே.

— இன்னைக்குத்தான் கடைசி நாளு. ஏன் அப்படியே நிக்கிறீங்க? நேரா சொல்லுங்க.

— வேலைக்கு ஆள் எடுக்குறவங்க கேட்டா குடுத்துக் குடுத்தே பழகுன கை, பஞ்சு. ஷூவைக் கையில வாங்குன அன்னைக்கே அவரு கேட்டாரு. பாஸ்போர்ட் வருண் சார்கிட்ட இருக்கு.