வினாகிரி மணக்காத குளிசை

எனக்குச் சிரித்த முகம், இன்ஸ்பெக்டர் ஐயா. தவறாக நினைக்காதீர்கள். பள்ளிக்கூடத்திலேயே இதற்காக இரண்டு முறை கதிரையில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள்.

வவுனியாவுக்கு வெளியே எங்கள் குளிசைத் தொழிற்சாலையில் ஒன்பது பேர். கலவை என் பொறுப்பு. இதய நோயாளர்களுக்கு இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் அஸ்பிரின்தான் முக்கிய சரக்கு. ஒரு குளிசையில் மருந்து கொஞ்சம். மிச்சமெல்லாம் மாவும், அச்சில் ஒட்டாமலிருக்க ஒரு வழுக்குத் தூளும். அவை நோயைத் தீர்க்காது. மருந்தைக் கெடாமல் தாங்கிப் பிடிக்கும்.

எங்கள் புழுக்கத்தில் அது நடக்கவில்லை. மூன்றாம் மாதமே போத்தலைத் திறந்தால் வினாகிரிப் புளிப்பு மணக்கும். அஸ்பிரின் உடைகிறது என்று பொருள். வழுக்குத் தூளை மாற்றினேன். மாவை உலர்த்தினேன். ஒரு வருடம் தாங்கியது.

முதலாளி கோகுலன் சொன்னார்: "ஜெயரூபி, ரெண்டு வருசம் கெடாமல் இருந்தால்தான் பெரிய ஆஸ்பத்திரியள் எடுப்பினம்."

ஒரு நாள் தேநீர் குடிக்கையில் விடை கிடைத்தது. கெடுவது மருந்து மட்டும்தானே. மாவை மட்டும் குளிசையாக அடித்து, கெடுகிறதா என்று சோதிக்கும் சூட்டு அலுமாரியில் வைத்தேன். ஆறு மாதம் கழித்தும் அச்சிலிருந்து அப்போதுதான் விழுந்தவைபோல இருந்தன. அன்று எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு போத்தலில் போனதெல்லாம் அந்தக் குளிசைதான்; அறிக்கையில் மருந்தின் அளவுக்குப் பழைய எண்களை எழுதினேன். மிஞ்சிய அஸ்பிரினை வெளியே விற்கவில்லை, ஐயா; குழி வெட்டிப் புதைத்தேன்.

நோயாளர்களுக்கும் சந்தோஷம். முள்ளியவளை மருத்துவ முகாமில் பேச்சியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, இந்தக் குளிசைக்குப் பிறகு வயித்தெரிவே இல்லை. பழசு குடலைப் பிடுங்கும்."

"ஓம் அம்மா, அதுக்குத்தானே மினக்கெட்டனான்."

ஆவணியில் அவர் இறந்தார். அடுத்த மாதம் முரசுமோட்டைச் சின்னராசா வயல் வரம்பில் நெஞ்சைப் பிடித்தபடி விழுந்தார். மொத்தம் பதினொரு பேர் என்கிறீர்கள். ஏழு செத்தவீடுகளுக்கு நானே போனேன். ஒவ்வொரு வீட்டிலும் போத்தலை வாங்கித் திறந்து பார்த்தேன். ஒரு குளிசைகூட நிறம் மாறியிருக்கவில்லை. அந்தத் துக்கத்திலும் எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

ஓம், செய்தது நான். கோகுலனுக்குத் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள்.

என் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவருக்கும் தினமும் அஸ்பிரின்தான். எங்கள் குளிசையை நான் கொடுக்கவில்லை. பட்டணத்துக் கடையில் வேறு வாங்கிக் கொடுத்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. அவர் இருதய நோயாளி, ஐயா. உயிரோடு விளையாட முடியுமா?