பதினேழாம் கவிதை

கடதாசிக்குக் கறையான்தான் பகை என்று சொல்வார்கள். தீவுப்பகுதியில் இருந்து பார்த்தவனுக்குத் தெரியும், அதைவிட உப்புக்காற்றுப் பொல்லாதது. கறையான் தின்றால் ஓட்டையைச் சுற்றி நாலு எழுத்தாவது மிஞ்சும். உப்புக்காற்றுப் பட்ட தாள் தொட்ட இடத்தில் உதிர்ந்துவிடும். அதனால் என் அண்ணை சிவகரனின் ஏழு கவிதைக் கொப்பிகளையும் அலுமாரிக்குள் வைத்து, வெயில் நாளில் மட்டும் திறக்கிறேன். இப்போது எழுதுகிற இதையும் அவற்றோடு வைக்கப்போகிறேன். ஆவணம் காப்பது என்றால் எல்லாவற்றையும் காக்கவேண்டும். பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்வது கள்ள வேலை. நான் கண்மூடிய பிறகு திறக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

அண்ணை கணக்கு வாத்தியார். வன்னியில் கடைசிச் சண்டையில் செல் குண்டு விழுந்து போய்ச் சேர்ந்தார். அவர் எழுதிய நாற்பத்தொரு கவிதைகளையும் சாரத்து மடிப்புக்குள் சுற்றி, முட்கம்பி முகாம்வரை கொண்டுவந்தவன் நான். ‘எரியாத விறகு’ என்று புத்தகமாக்கியவனும் நான். இன்று தீவுப் பள்ளிக்கூடங்களில் ஆண்டுதோறும் அதில் மனனப் போட்டி நடக்கிறது. கனடாவில் இருக்கிற ஊர்ச் சனம் மார்பளவுச் சிலை செய்து அனுப்பியது. இறுப்பிட்டியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவரது நினைவு வாசிகசாலை. இதெல்லாம் சும்மா நடக்கவில்லை. கல்யாணம் காட்சி இல்லாமல், ஆள் ஆளாய்ப் பிடித்துக் கெஞ்சி, நான் நடத்தியது. குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறினால், கவிஞரின் தம்பி என்று எழும்பி இடம் தருவார்கள். அண்ணையை எடுத்துவிட்டால் என்னிடம் ஒரு மண்ணும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடுத்த வளவில் இருந்தவர் அன்னப்பிள்ளை அக்கா. பிள்ளை குட்டி இல்லாத விதவை. இடம்பெயர்ந்தபோதும் எங்களோடுதான் வந்தார். வன்னியில் அப்போது பறையும் இல்லை, ஐயரும் இல்லை. செத்தவர்மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுச் சனம் ஓடும். அக்கா மட்டும் ஓடமாட்டார். பக்கத்தில் குந்தி, செத்தவரின் பெயரைக் கேட்டு, தாயின் பெயரைக் கேட்டு, இரண்டு நிமிடமாவது ஒப்பாரி வைப்பார். “பேர் தெரியாமல் எனக்கு வாய் வராது” என்பார். அண்ணை அவருக்குப் பக்கத்தில் கொப்பியோடு இருப்பார்.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொன்றும் அக்காவின் வாயிலிருந்து வந்தவை. அண்ணை எழுதினார், எழுதும்போது பெயர்களை எடுத்துவிட்டார். ‘கரம்பன் ஜெனீற்றா வயித்துக்கொடியே, றெக்ஷனே’ என்று அக்கா அழுதது, பதினேழாம் கவிதையில் ‘ஈன்ற மண்ணின் இளங்கொடியே, என்மகனே’ என்று ஆனது. பெயர் இருந்தால் அது ஒரு வீட்டுச் செத்தவீடு. பெயரை எடுத்தால்தான் ஊருக்குப் பொதுவான இலக்கியம். படித்தவர்களுக்கு இது விளங்கும்.

அக்கா இதை ஒருநாளும் பெரிதுபடுத்தியதில்லை. எழுத்து வாசிப்புத் தெரியாது. நினைவு விழாவில் பின்வரிசையில் இருந்து பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு அழுவார், வடை சாப்பிடுவார், வீட்டுக்குப் போவார். நானும் அவரை நன்றாகத்தான் பார்த்தேன். அவருக்கு இழுப்பு, மூச்சுத் திணறுகிற வருத்தம். மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் அவரது மருந்தை எடுத்துவருவது நான்தான்.

மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற அந்த ஆண்டில், நிலுஷா என்ற பல்கலைக்கழகப் பிள்ளை ஒப்பாரி சேகரிக்க வந்தாள். நல்ல பிள்ளை. காணாமல் போனவர்களின் தாய்மார் படங்களோடு நிற்பதை அவள் போனில் காட்டியபோது, அக்கா ஒரு படத்தில் விரலை வைத்தார்.

“இந்தப் பெடியன்ர தாய் ஆர் பிள்ளை?”

“ஜெனீற்றா அக்கா. கரம்பன். ஒவ்வொரு மாதமும் வந்து நிப்பா.”

அக்கா போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு, “வாற சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வா. இண்டைக்கு மூச்சு ஏலாது. சனிக்கிழமை முழுக்கப் பாடுறன்” என்றார்.

பிள்ளை போனபிறகு என் கையைப் பிடித்தார்.

“தம்பி, நான்தான் அந்தப் பெடியனுக்கு மண் போட்டனான். கொண்ணை சிவகரனும் பக்கத்தில இருந்தவர். தாயும் செத்திட்டாள் எண்டெல்லோ நான் நினைச்சிருந்தன். எந்த இடத்தில தாட்டது எண்டும் எனக்குத் தெரியும். பாவி, பதின்மூண்டு வருசமா அலையிறாள்.”

“அதைச் சும்மா சொன்னால் போதாதோ அக்கா? ஏன் பாடவேணும்?” என்று கேட்டேன். நான் அவருக்கு ஒரு வழி விட்டேன் என்பதைக் கவனிக்கவேண்டும்.

“சும்மா சொல்ல எனக்கு வராது. பாடினால்தான் ஒவ்வொண்டா வரும். நாப்பத்தொரு பேரையும் பாடிவிடுறன். அந்தப் பிள்ளை போனில பிடிக்கட்டும்.”

எனக்கு அவரில் கோபம் இல்லை. பயம்தான். செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் அவருக்கு மூச்சுக்கு அடிக்கிற பம்ப் இரண்டு தந்தார்கள். “மருந்து முடிஞ்சுதாம் அக்கா, அடுத்த கிழமை வரச்சொன்னவை” என்றேன். எதுவும் இல்லை என்று எவர் சொன்னாலும் நம்புகிற காலம் அது. என்னை அவர் எந்தக் காலத்திலும் நம்புவார்.

வெள்ளிக்கிழமை முற்பகல், வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் வந்து எங்கள் குசினிப் படியில் இருந்தார். நெஞ்சு விசிலடித்தது. பழைய பம்ப் ஏதும் கிடக்கிறதா பார் என்றார். இரண்டும் அலுமாரியில், அண்ணையின் கொப்பிகளுக்குப் பக்கத்தில் இருந்தன. கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். ஓட்டோ கூப்பிடச் சொன்னார். போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அந்த நேரத்திலும் என் முகத்தைப் பார்த்து, “நீ பதறாத தம்பி” என்றார். பிறகு, ஜெனீற்றாவிடம் சொல் என்று, அந்த இடத்தை மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொன்னார். முழுவதையும் கேட்டேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை. அதை மட்டும் இங்கே எழுதவில்லை. எழுதினால் பதினேழாம் கவிதைக்கு அடிக்குறிப்புப் போடவேண்டி வரும்.

மூச்சு அடங்க முக்கால் மணித்தியாலம் பிடித்திருக்கும். நான் அவரைத் தொடவே இல்லை. சாவுக்குக் காரணம் இழுப்பு என்று எழுதினார்கள். கிளினிக் கொப்பி இருந்ததால் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் செத்தவீட்டில் ஒப்பாரி வைக்க ஆள் இருக்கவில்லை.

சனிக்கிழமை அந்தப் பிள்ளையும் ஜெனீற்றா அக்காவும் வந்தபோது பிரேதம் எடுக்கிற நேரம். ஜெனீற்றா அக்கா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ர பிள்ளையைப் பற்றி ஏதும் சொன்னவவோ தம்பி?”

“இல்லை அக்கா.”

பெற்ற பிள்ளை இல்லாதவர் என்பதால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை நானே செய்தேன். செத்தவரின் பேரில் அன்றைக்கு அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தையும் நானே போட்டேன். தேவாரத்துக்கு அடுத்த பக்கத்தில், அண்ணையின் பெயரோடு, பதினேழாம் கவிதை.

உப்பு மணல்மீதில் உனைவிட்டுப் போகின்றேன்
ஒருபிடி மண்ணள்ளி உன்கண்ணை மூடினேன்
ஈன்ற மண்ணின் இளங்கொடியே என்மகனே
தாய்வந்து கேட்டால் தடம்சொல்ல ஆளில்லை

ஜெனீற்றா அக்கா அன்றும் வந்திருந்தார். அன்னப்பிள்ளை அக்கா எதற்காகத் தன்னைக் கூப்பிட்டார் என்று யாருக்காவது தெரியுமா என்று பந்தலில் ஒவ்வொருவராய்க் கேட்டுக்கொண்டு திரிந்தார். நான் ஒரு கதிரை போட்டு இருத்தி, கல்வெட்டை விரித்துக் கையில் கொடுத்தேன். மெதுவாக வாசித்தார். கடைசி வரியில் நின்றுவிட்டார். தோள் குலுங்கியது.

“உங்கட அண்ணைக்கு எங்கட மனம் எப்பிடித் தம்பி விளங்கினது? இது எனக்கெண்டே எழுதினமாதிரிக் கிடக்கு.”

இன்னொரு பிரதி கேட்டார். இரண்டு கொடுத்தேன். மகனின் படம் இருந்த பிளாஸ்ரிக் உறையைத் திறந்து, அந்தப் பக்கத்தை மடித்து, படத்துக்குப் பின்னால் வைத்தார்.

இப்படி ஒரு வாசகி கிடைப்பதற்காகத்தான் நான் இவ்வளவையும் செய்தேன்.