தட்டில் இரண்டு உறைகள்

எனக்குச் சா-சா-சா நடனம் நன்றாக ஆட வரும். விசாரணைக் குழுவினரே, என்னைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் சேபு நகரில் மறுக்க ஆள் உண்டு. இதை மட்டும் என் மைத்துனிகூட ஒப்புக்கொள்வாள். அந்த ஆண்டு முழுக்க என் கால்கள் தரையில் இல்லை. மருத்துவமனை நடைகூடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அறைக்குள் போவேன்.

காரணம், ஆராய்ச்சி. மாதவிலக்கில் அளவுக்கு மீறி உதிரம் போகும் பெண்களுக்குக் கருப்பையை எடுப்பது மேலா, மாத்திரை மேலா? கத்தி என் கட்சி. மாத்திரை, டாக்டர் தியோடோரா யபுட்டின் கட்சி. அவர் மேடையேறினால் மைக்கே கொட்டாவி விடும். யாருக்கு எது என்று மருத்துவர் தீர்மானிக்கக் கூடாது. ஒட்டிய உறைக்குள் சீட்டு இருக்கும். வந்ததை ஏற்க வேண்டும்.

உறைகளோ மெல்லியவை. எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் ஒருநாள் தற்செயலாக ஒன்றைச் சாய்த்துவைத்தேன். உள்ளே இருந்த எழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது. அதன்பின் தற்செயல் தினமும் நடந்தது. திடமான பெண்கள் என் கத்திக்கு வந்தார்கள். சோகை பிடித்தவர்கள் தியோடோராவின் மாத்திரைக்குப் போனார்கள். முடிவுகள் மிக அழகாக வந்துகொண்டிருந்தன.

பெர்லிட்டா கருவாடு விற்பவள். எவ்வளவு உதிரம் போனாலும் கூடை தூக்கும் உடம்பு. கணவன் கப்பலில் வேலை.

"எனக்குக் கத்தி வேண்டாம், டாக்டர். டிசம்பர்ல அவரு வந்ததும் ஒண்ணே ஒண்ணு பெத்துக்கணும்."

"அப்புறம் எதுக்கு இந்தக் குலுக்கல்ல வந்து நிக்கிற?" என்றார் நர்ஸ் மேரிவிக்.

"இதுல சேர்ந்தாத்தானே மாத்திரை சும்மா கிடைக்கும்? திருவிழாக் குலுக்கல்ல பன்னியே ஜெயிச்ச கை இது. எங்க வீட்டு மாடத்துல இருக்கிற குழந்தை ஏசு கைவிட மாட்டாரு."

"அந்தப் பன்னியில எனக்கு ஒரு காதாவது குடுத்தியா நீ?"

குழந்தை வேண்டும் என்பவளைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. அந்தப் பேச்சு என் காதில் விழவில்லை என்று வைத்துக்கொண்டேன். அப்படி ஓர் உடம்பை யார் விடுவார்?

எங்கள் ஊர்க்காரர்கள் குலுக்கலை நம்புகிற அளவுக்கு மருத்துவரை நம்புவதில்லை. ஆகவே உறைகளைத் தட்டில் வைத்து நீட்டி, அவர்களையே எடுக்கச் சொல்வது என் ஏற்பாடு. "ரொம்ப ஜனநாயகமா இருக்கே, டாக்டர்," என்று தியோடோராவே பாராட்டியிருக்கிறார்.

பெர்லிட்டா சிலுவை போட்டுக்கொண்டாள். இடப்பக்க உறையைத் தொட்டாள், விட்டாள், வலப்பக்கத்துக்குத் தாவினாள். மேரிவிக் கைதட்டி உற்சாகப்படுத்தினார். எனக்கும் கால் தாளம் போட்டது.

எடுத்ததைப் பிரித்தாள்; அறுவை. சீட்டை மடித்து என்னிடமே நீட்டினாள். பிறகு, "சாமி சொல்லிட்டாரு. நீங்க என்ன பண்ணுவீங்க, டாக்டர்?" என்று என்னைத் தேற்றினாள்.

அறுவை அருமையாக முடிந்தது. ஆராய்ச்சிக்குப் பதக்கம் தந்த விருந்தில் ஷூ தேய ஆடினேன். டிசம்பரில் அவளும் கணவனும் நல்ல கருவாடு கொண்டுவந்து தந்தார்கள். அவன் என் கையை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தான்; நன்றி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஐயா. தட்டில் இரண்டு உறைகள் வைத்தேன். இரண்டிலும் அறுவைதான். ஆனால் இடதா வலதா என்று தீர்மானித்தது முழுக்க முழுக்க அவள்.