தானாகச் சரியான போன்

காபி வேண்டாம், நன்றி. காலையிலிருந்து நாலு கோப்பை உள்ளே போயிருக்கிறது. ஐந்தாவது குடித்தால் கை நடுங்கும். நீங்கள் அதற்கு வேறு அர்த்தம் எழுதிக்கொள்வீர்கள். நீங்கள் குடியுங்கள், ஆய்வாளர் லைனே.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். வழக்குக் கோப்பை மூடிவிட்டீர்கள் என்பதும் தெரியும். உங்கள் அறிக்கை என் மனைவி மார்க்கெத்தாவுக்குத் தபாலில் வந்தது. மூன்று பக்கம், நல்ல நடை. இரண்டாம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி தவறு. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

என் பெயர் ஓஸ்மோ, வயது ஐம்பத்தெட்டு. இதே ஓவுலு நகரத்தில் போன் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் அப்டேட் சோதிப்பவனாக இருந்தேன். புதிய அப்டேட்டைப் போனில் ஏற்றி, போன் சாகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. செத்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த போனை எடுப்பேன். அப்படி நானூற்றுச் சொச்சம் போன்களைக் கொன்றிருக்கிறேன். அதற்காகக் கிறிஸ்துமஸ் தோறும் எனக்குப் பன்றித்தொடை கொடுத்து அனுப்பினார்கள்.

கம்பெனி மூடியதும் கூட வேலை பார்த்தவர்கள் படகு வாங்கினார்கள். நான் போன்களை ரூட் செய்ய ஆரம்பித்தேன். கம்பெனிக்காரன் போட்டுவைத்த பூட்டை உடைத்து, போனுக்குள் நாமே எஜமானன் ஆவதுதான் ரூட். அதனால் என்ன லாபம் என்று மார்க்கெத்தா முதல் வருடம் கேட்டாள். இரண்டாம் வருடம் கேட்பதை விட்டுவிட்டு, வருகிறவர்களிடம் சொல்லத் தொடங்கினாள்.

"மத்த வீட்டு ஆம்பளைங்க சும்மா இருந்தா மீன் புடிக்கப் போறாங்க. எம் புருஷன் போனோட குடலை உருவிப்போட்டு உக்காந்திருக்கான்."

அவள் சொன்னதில் பிழை இல்லை.

ரவுனோ அவளுடைய தம்பி. தேவாலயப் பாடகர் குழுவில் அடித்தொண்டைக் குரல் அவனுடையது. ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை நோய், இன்சுலின் ஊசி. நாற்பது வருடம் அப்படியே ஓடினால், சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பு, நடுக்கம் எல்லாம் உடம்புக்கே மறந்துபோகும். அவனுக்கு மறந்துவிட்டது. அதனால் கையில் ஒரு சென்சார் ஒட்டியிருந்தார்கள். சர்க்கரை இறங்கினால் போன் ஊளையிடும். அந்தச் சத்தத்தைக் குறைக்க வழியே வைக்கவில்லை, யாரோ யோசித்துத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இந்த வருடம் பெரிய வெள்ளியன்று, கோவில் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் அது ஊளையிட்டது. மறுநாள் ரவுனோ எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"எங்க பாட்டு மாஸ்டர் என்னை முறைச்ச முறைப்புல இருந்த சர்க்கரையும் இறங்கிடுச்சு. இந்த ஊளையைக் கொஞ்சம் அமுக்க முடியுமாடா?"

"முடியுமாவா?" என்றேன்.

என்னிடம் யாரும் அப்படிக் கேட்கக் கூடாது. கேட்டால் நான் மனிதனாக இருப்பதில்லை. அன்று மாலைக்குள் அவன் போனை ரூட் செய்து, குட்டியாக ஒரு நிரலும் எழுதி உள்ளே வைத்தேன். ஊளை, யாரோ மரியாதையாகத் தொண்டையைச் செருமுவது போல ஆனது. ரவுனோ அதைப் பாடகர் குழு முழுவதற்கும் அடித்துக் காட்டினான். "எங்க அக்கா புருஷன் செஞ்சது" என்றானாம். எனக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

மார்க்கெத்தாவுக்குப் பிடிக்கவில்லை. "அவன் உசுரே அந்தச் சத்தத்துலதான் இருக்கு. அதுல போய் கை வைக்கிறியே?"

"கை வைக்கலை, மெருகு போட்டிருக்கேன்."

"அது ஊமையாச்சுன்னு வை, உன்னோட எல்லா போனையும் ஏரியில போட்டுடுவேன்."

ஜூலை முதல் வாரம் ரவுனோவின் போனுக்கு அப்டேட் வந்தது. ரூட் செய்த போனில் அப்டேட் போடுவது மற்றவர்கள் செய்வது போல ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுப் பல் துலக்கப் போகிற வேலை இல்லை. முதலில் உடைத்த பூட்டை நல்ல பிள்ளையாகத் திரும்ப மாட்ட வேண்டும். அப்டேட் வந்து இறங்கியதும் 'மறுதொடக்கம்' என்று போன் கூப்பிடும். அதைத் தொடக் கூடாது. அதற்கு முன்பே புதிய வீட்டுக்குள்ளும் கள்ளச்சாவியை வைத்துவிட வேண்டும். பிறகுதான் மறுதொடக்கம். அவசரப்பட்டு முன்னால் தொட்டால் ரூட் போச்சு. நான் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன். இருபத்திரண்டு நிமிடம். ஒரு சின்னப் பிழைகூட இல்லை. கேமரா, புளூடூத், கைரேகை எல்லாவற்றையும் சோதித்தேன்.

அலாரத்தைச் சோதிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் சோதிப்பவனாக இருந்தவன் என்று சொன்னேன் இல்லையா? சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் ரவுனோவின் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது, மேசையில் கிடந்த அவன் போனில் 3.1 என்று சிவப்பாக எரிந்தது. நாலுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. செருமல் வரவில்லை. எனக்கு உடனே புரிந்தது. அப்டேட்டில் ஒலியின் வழி மாறியிருக்கிறது. என் குட்டி நிரல் இப்போது அலாரத்தைக் குறைக்கவில்லை, கழுத்தை நெரித்துவிட்டது. ரவுனோ முதுகைக் காட்டிக்கொண்டு காபி ஊற்றிக்கொண்டிருந்தான். "இனிப்பு பன் இன்னொண்ணு எடுத்துக்கோயேன், நல்லாருக்கு" என்றேன். எடுத்துக்கொண்டான். கால் மணி நேரத்தில் எண் 5.4. கருவி செய்யாததை நான் கையால் செய்து முடித்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

நிரலை நிறுத்த ஒரு தொடுதல், ஒரு மறுதொடக்கம், சென்சார் திரும்ப இணைய சில நிமிடம். எல்லாம் சேர்த்து ஒன்பது நிமிட வேலை. ஆனால் நிறுத்தினால் பழைய ஊளை திரும்பிவிடும். குழுவுக்கு அந்த மாதக் கடைசியில் கச்சேரி இருந்தது. மார்க்கெத்தா முன்வரிசையில் உட்காருவாள். அதனால் முறையான திருத்தம் எழுதிய பிறகு தொடலாம் என்று முடிவு செய்தேன். அதுவரை நானே அலாரமாக இருந்துவிட்டால் ஆயிற்று. காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு என்று அவனுக்குப் போன் செய்ய ஆரம்பித்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு, நல்லாப் பேசினோம் என்று எழுந்து போகிறவர்கள். முதல் நாள் ரவுனோ பயந்துவிட்டான்.

"என்னடா, டாக்டர் ஏதாவது சொன்னாரா உனக்கு?"

"இல்லடா, சும்மாதான். சாப்டியா?"

"...சாப்டேன்."

"எண்ணு எவ்ளோ காட்டுது?"

"ஆறு புள்ளி ரெண்டு. உனக்கு நெஜமாவே ஒண்ணும் இல்லியே?"

நாலாம் நாள், முதல் மணியிலேயே எடுத்தான். ஆறாம் நாள், மீன் பிடித்த கதையெல்லாம் சொன்னான். அவன் மார்க்கெத்தாவிடம், "உம் புருஷனுக்கு என்னாச்சுன்னு தெரியலை, இத்தனை வருஷத்துல இல்லாத பாசம்" என்றிருக்கிறான். அன்று சாப்பாட்டு மேசையில் அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்த்துப் பதினைந்து வருடம் இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. திருத்தம் எழுதும் வேலை சற்று மந்தமானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரவுகளைப் பற்றிக் கேட்பீர்கள். இரவில் நான் தூங்கினேன்.

அப்டேட் போட்ட பதினோராம் நாள் சனிக்கிழமை. ஏரிக்கரைக் குடிலுக்கு மூன்று பேரும் போயிருந்தோம். ரவுனோ கரையில் சவுனாவுக்கு விறகு பிளந்துகொண்டிருந்தான். மார்க்கெத்தா சமையலறையில் புது உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள். நான் திண்ணைப் படியில் உட்கார்ந்திருந்தேன். என்னிடமிருந்து சவுனாவுக்கு அறுபது தப்படி. அப்போதுதான் என் சொந்தப் போனுக்கு அந்த மாதத்து அப்டேட் வந்தது.

மாலை வரை பொறுத்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆமாம், பொறுத்திருக்கலாம். பூட்டை மாட்டி, அப்டேட்டை இறக்கி, கள்ளச்சாவியை வைத்து, மறுதொடக்கம் தட்டினேன். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. வழக்கமாக இரண்டு நிமிடம். அன்று நிற்கவே இல்லை. வட்டம் நிற்காமல் சுற்றினால் போன் செத்துச் செங்கல்லாகப் போகிறது என்று அர்த்தம். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

15.56க்குக் கோடரிச் சத்தம் நின்றது. பழக்கதோஷத்தில், கதவு வழியே தெரிந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். நாலு மணி ஆனது. அழைக்கப் போன் இல்லை, வட்டம்தான் இருந்தது. அறுபது தப்படி நடந்துபோய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வட்டம் நின்றதும் போகலாம் என்று நினைத்தேன்.

"ஓஸ்மோ, சவுனா சூடாயிடுச்சான்னு ரவுனோகிட்ட கேட்டுட்டு வா!" என்று மார்க்கெத்தா உள்ளிருந்து கூப்பிட்டாள்.

"இதோ, ரெண்டு நிமிஷம்."

16.19க்கு வட்டம் நின்றது. போன் பிழைத்துக்கொண்டது, ரூட்டும் இருந்தது. நான் சீட்டியடித்துக்கொண்டுதான் கரைக்கு இறங்கினேன்.

ரவுனோ சவுனாவின் முன்னறைத் தரையில், பெஞ்சில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது, என்னை அடையாளம் தெரிந்தது.

"இன்னிக்கு நீ... போன் பண்ணவே இல்லியே," என்றான். நாக்கு குழறியது.

அவன் பக்கத்தில் வாளித் தண்ணீரில் பேரிக்காய்ச் சோடா குளிர்ந்துகொண்டிருந்தது. நான் கையை நீட்டினேன். வாளியைத் தாண்டி ஜன்னல் விளிம்பில் அவன் போன் இருந்தது. அதை எடுத்தேன். 1.9. சத்தம் இல்லை.

நான் யோசித்ததை அப்படியே சொல்கிறேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வருவார்கள். போனைப் பார்ப்பார்கள். இது ஏன் கத்தவில்லை என்று கேட்பார்கள். மார்க்கெத்தா அங்கேயே நிற்பாள். ஒன்பது நிமிட வேலைதான்.

"இரு ரவுனோ, ரெண்டு நிமிஷம்," என்றேன்.

நிரலை நிறுத்தினேன், அழித்தேன், மறுதொடக்கம் தட்டினேன். வட்டம் சுற்றியது. ரவுனோ என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். போன் எழுந்தது. சென்சாரைத் தேடியது, கிடைக்கவில்லை, மறுபடி தேடியது. நடுவில் எப்போதோ அவன் பிடி விட்டது. அந்த நேரத்தை மட்டும் நான் குறித்துக்கொள்ளவில்லை.

16.30க்குப் போன் என் கையில் ஊளையிட்டது. செருமல் இல்லை, ஏரியின் அக்கரை வரை கேட்கிற முழு ஊளை. முதல் முயற்சியிலேயே சரியாகியிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மார்க்கெத்தா ஈரக் கையோடு ஓடிவந்தாள். "எப்ப அடிச்சுது?"

"இப்பதான்," என்றேன். அது பொய்யில்லை.

அவள்தான் சோடாவைத் திறந்து அவன் உதட்டில் வைத்தாள். ஒரு வாய் கூட உள்ளே போகவில்லை. அவள்தான் அவசர எண்ணுக்கு அழைத்தாள். காட்டுப் பாதையில் ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் ரவுனோ இறந்தான். அடக்கத்தின்போது பாடகர் குழு அடித்தொண்டைக் குரல் இல்லாமல் பாடியது, கேட்கச் சகிக்கவில்லை.

ஐந்து வாரமாக மார்க்கெத்தா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். "அலாரம் அடிச்சதும் ஓஸ்மோதான் மொதல்ல ஓடினான். இந்த வயசுல அப்படி ஓடுவான்னு நான் நெனச்சுக்கூடப் பார்க்கலை." அதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். நானும் தலையைக் குனிந்துகொள்வேன். அதோடு என்னால் இருக்க முடிந்தது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், நன்றாகவே இருக்க முடிந்தது.

திங்கட்கிழமை உங்கள் அறிக்கை வந்தது. காலைக் கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்து படித்தேன். இரண்டாம் பக்கம், உங்கள் தொழில்நுட்ப நிபுணர் எழுதியது: "அப்டேட் தோல்வியடைந்ததால் அலாரம் செயலிழந்திருக்கலாம். மறுதொடக்கத்துக்குப் பின் கருவி தானாகச் சரியாகியிருக்கிறது." கஞ்சி இறங்கவில்லை. துக்கம் என்று நினைத்து மார்க்கெத்தா என் தோளைத் தடவிக்கொடுத்தாள். மூன்று நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

தற்பெருமைக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எது உண்மையோ அதுதான் கோப்பில் இருக்க வேண்டும். அப்டேட் தோற்கவே இல்லை. அதைப் போட்டவன் நான், இருபத்திரண்டு நிமிடத்தில், பிழையில்லாமல். அடுத்த வரியையும் அடித்துவிட்டு நான் சொல்கிற மாதிரி எழுதச் சொல்லுங்கள். ஒன்பது நிமிடம், கம்ப்யூட்டர் இல்லாமல், கேபிள் இல்லாமல், சவுனா முன்னறையில் நின்றுகொண்டு, ஒரு ஆள் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது செய்த வேலை அது. எந்தப் போனும் தானாகச் சரியாகாது, ஆய்வாளர் லைனே. நான்தான் சரிசெய்தேன்.