மேல் டிவிசனின் பூச்சியம்

எங்கள் தோட்டத்து ஆபீசில் ஹீட்டர் இருப்பது கணினிக்காகத்தான். நோர்வூட் குளிரை மனிதர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள். இயந்திரத்துக்கு ஈரம் ஆகாது. என் மனைவி ரோகினி அதற்குப் பூப்போட்ட உறைகூடத் தைத்துக் கொடுத்தாள். இரண்டாயிரத்து இரண்டில் இந்தப் பக்கத்தில் கணினி தெரிந்த கிளாக்கர் நான் ஒருவன்தான். அறிக்கைக்குள் வரைபு ஏறவில்லை என்றால் மற்றத் தோட்டத்துக் கிளாக்கர்மார் எனக்குத்தான் போன் எடுப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, ஐயா. விசாரணை என்று வந்தால் ஆளைப் பற்றியும் உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

அந்த யூன் மாதம் கொழும்புக் கம்பெனி ஒரு தண்ணீர் வடிகட்டும் தாங்கி தருவதாகச் சொன்னது. ஒன்றே ஒன்று. எங்கே வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகள் அதிகமோ, அங்கே அது போகும். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு வாசிக்க நேரமில்லை. எண்களை நிமிர்ந்த பட்டைகளாக, சலாகை வரைபாகக் காட்டினால் உயரமான சலாகையைப் பார்த்துக் கைநீட்டிவிடுவார்கள். நல்ல முறைதான். அதை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன்.

தோட்டத்தின் எல்லா டிவிசனிலிருந்தும் நோய்கண்ட பிள்ளைகளின் தொகை வந்தது. மேல் டிவிசனிலிருந்து நாகலெட்சுமி நேரிலேயே வந்தாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா அவள் பொறுப்பு. நனைந்துபோய், காலில் அட்டைக்கடி இரத்தத்தோடு வாசலில் நின்றாள்.

"எல்லாப் புள்ளைங்களுக்கும் வயித்தால போகுதுங்கய்யா. மேல கக்கூஸ் குழி இடிஞ்சு கெடக்கு. குடிக்கிற பீலித் தண்ணி நாறுதுங்க."

"எல்லாருக்கும் எண்டால் எத்தினை பேர்? எண்ணிச் சொல்லும்."

"எண்ணுறதுக்கு என்னங்கய்யா இருக்கு? எல்லாந்தான். எம் மகளும் சேத்தித்தாங்க."

நான் நேர்மையானவன். எண் இருக்க வேண்டிய கட்டத்தில் அவள் சொன்னபடியே 'எல்லாரும்' என்று அடித்தேன்.

வரைபு ஏறவில்லை. படம் வர வேண்டிய இடத்தில் வெறும் பெட்டிதான் வந்தது. மூடித் திறந்தேன், வெட்டி ஒட்டினேன், கணினியையே அணைத்து எழுப்பினேன். தலைகீழாக நின்றும் மசியவில்லை. கடைசியில் ஹற்றனில் கணினி வகுப்பு நடத்தும் சுமனுக்குப் போன் எடுத்தேன். "நம்பர் வர்ற எடத்துல எழுத்து இருக்கான்னு பாருங்கண்ணே. அதை மாத்துங்க, வந்துரும்" என்றான்.

எழுத்தை அழித்தேன். பூச்சியம் போட்டேன். வரைபு சாதுவாக வந்து உட்கார்ந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மேலே ஏறிப்போய் எண்ணியிருக்கலாமே என்கிறீர்கள். மழை, ஐயா. சப்பாத்தும் புதிது.

கொழும்புக்காரர்கள் வரைபை மெச்சினார்கள். உயரமான சலாகை ஸ்டாஃப் குவாட்டர்சுடையது. மூன்று பிள்ளைகள், அதில் இருவர் என்னுடையவர்கள். பேரிக்காயை அளவில்லாமல் தின்றிருந்தார்கள். தாங்கி எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்தது. ஒரு பிள்ளைக்கும் நோயில்லாத மேல் டிவிசனுக்குச் சுகாதாரக் கேடயம் கிடைத்தது. அதைப் பிள்ளைக் காம்பராச் சுவரில் நானே போய் ஆணியடித்து மாட்டினேன். அன்றைக்குப் பெரியதுரையின் ஜீப் இருந்தது. பிள்ளைகள் பாயில் சுருண்டு கிடந்தார்கள். கைதட்டச் சொன்னேன், ஒருவரும் எழவில்லை. நாகலெட்சுமி கேடயத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இது என்னாத்துக்குங்கய்யா?" என்றாள். விளக்கிச் சொன்னாலும் அவளுக்கு விளங்காது என்று ஜீப்பில் ஏறிவிட்டேன்.

மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. பூச்சியம் போடுவதற்கு முன்பே ரோகினிக்கு ஆள் அனுப்பியிருந்தேன், தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடு என்று. மேல் டிவிசன் பீலித் தண்ணீர்தானே கீழே எங்களுக்கும் வருகிறது. ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சாதிக்கப் போவதில்லை. தெரிந்துதான் போட்டேன். அறிக்கை அன்றைக்கே போக வேண்டியிருந்தது. பிழையோடு ஓர் அறிக்கை என் கையிலிருந்து போனதில்லை.

அடுத்த மாதம் ஒரு நாள் மேல் டிவிசன் ஆட்கள் காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு வரவில்லை. மயானத்தில் சின்னச் சின்னக் குழிகள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாகலெட்சுமி மட்டும் ஆபீசுக்கு இறங்கி வந்தாள். நான் கேட்குமுன் அவளே சொன்னாள்.

"நாலுங்கய்யா. எம் மகளோட நாலு."

இறப்புக்குத் தனி நிரல் ஒன்று சேர்த்து, நாலு என்று அடித்தேன். வரைபு ஒரே தடவையில் ஏறியது. பாருங்கள் ஐயா, முதல்முறையே இப்படி ஒழுங்காக எண்ணிச் சொல்லியிருந்தாளென்றால், ஒரு பிழையும் நடந்திருக்காது.