ரிவிஷன் சி

...இல்ல அனு, சிரிக்காத. கரண்ட் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிட்றேன். இது நம்ம அன்பரசோட மாமாவுக்கு நடந்தது. செந்தமிழ்செல்வன் மாமா, மஞ்சக்குப்பத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றாரே, அவரேதான்.

ரெண்டாயிரத்து பத்து, ஐப்பசி மாசம். ராத்திரி பதினோரு மணி. கடலூர்லேர்ந்து சிதம்பரம் போற ரோடு... ஆலப்பாக்கம் தாண்டிட்டா ஈ காக்கா கெடையாது. மழ வேற. பைக்ல தனியா போறாரு.

எதுக்கு? சிதம்பரத்துல ஒரு ஸ்கேன் சென்டர். ஸ்கேனெல்லாம் சேத்து வெக்கிற கம்ப்யூட்டரு, அந்த சர்வர் படுத்துடுச்சி. இளமதின்னு ஒரு சின்னப் பாப்பா, தலையில கட்டி. காலைல ஆப்பரேஷன். பழைய ஸ்கேனப் பாக்காம கத்திய வெக்க மாட்டேன்னுட்டாரு டாக்டரு. அது சர்வருக்குள்ள மாட்டிக்கிச்சி. பாப்பாவோட அப்பா தங்கராசு, திட்டக்குடிக்காரரு, வாசல்லயே நிக்கிறாரு. "எப்டியாவது எடுத்துக் குடு தம்பி"ன்னு மாமா கையப் புடிச்சிக்கிட்டாரு.

வாட்ச்மேன் ராஜாமணி சர்வர் ரூமத் தொறந்து உட்டாரு. ஆனா உள்ள வரல. "முன்னாடி சர்வீஸ் பண்ண ஆரோக்கியராஜ் இங்கதான் தம்பி ஷாக்கடிச்சி செத்தாப்ல. வேற ஆளு அந்தப் பொட்டியத் தொட்டா... ஆவாது."

"நீங்க போயி டீ வாங்கியாங்கண்ணே"ன்னு மாமா கதவ சாத்திட்டாரு.

ஏசி ஓடல. ஆனா செம குளிரு. மார்க்கர் பேனா வாசன... குப்புன்னு.

டிஸ்க்கெல்லாம் நல்லாருக்கு. டிஸ்க்க ஓட்டுற கன்ட்ரோலர் கார்டுதான் மக்கர். அத ஓட வெக்கிற புரோகிராம், ஃபர்ம்வேரும்பாங்க, அதப் புதுசா ஏத்தணும். இங்கதான் மச்சான் விஷயமே. ஒரே கம்பெனி, ஒரே மாடல்தான், ஆனா அதுலயே ரிவிஷன்னு வேற வேற பதிப்பு வரும், பி-க்கு ஒரு ஃபைலு, சி-க்கு வேற ஃபைலு. மாத்தி ஏத்துனா கார்டு காலி. பாப்பா ஸ்கேனும் காலி.

மெஷின ஆஃப் பண்ணி கார்ட உருவுனாரு. போர்டுல பி-ன்னு அச்சாயிருக்கு. சர்வீஸ் ஆளுங்க வெளிய தெரியிற ஓரத்துத் தகட்டுல மார்க்கர்ல ரிவிஷன எழுதி வெப்பாங்க, அடுத்தவாட்டி கார்ட உருவ வேணாம்ல, அதுக்கு. அந்தத் தகட்டுல... சி. எவனோ தப்பா எழுதிட்டான்னு தொடச்சாரு. மை வெரல்ல ஒட்டுது. ஈரம்.

கார்ட மாட்டிட்டு அந்தாண்ட திரும்புனாரு. கீச்... கீச்... தகட்டுல மார்க்கர் தேய்ற சத்தம். பாத்தா மறுபடியும் சி. இந்தவாட்டி பெருசா.

மாமாவுக்குக் கோவம் ஜாஸ்தி. "எவன்டா அது? போர்டுலயே பி-ன்னு போட்டிருக்கு"ன்னு கத்திட்டு, பி ஃபைல எடுத்து வெச்சி, என்டர் அமுக்கப் போறாரு...

படார்! காத்தே இல்ல. சர்வர் வெச்சிருந்த ரேக்கோட இரும்புக் கதவு வந்து வெரல்லயே அடிச்சிது. நெகம் பேந்துடுச்சி.

அப்பறந்தான் சந்தேகம் வந்துச்சி அவருக்கு. திரும்ப ஆஃப் பண்ணி, கார்ட உருவி, சிப்பு மேல சூடு தணிக்க ஒட்டியிருந்த ஹீட்சிங்க்கக் கழட்டி, பேஸ்ட்ட வழிச்சாரு. சிப்புல சி. சுத்தியும் கையால பத்த வெச்ச ஈயம். அந்த ஆரோக்கியராஜ் உசுரோட இருக்கறப்ப சிப்பையே மாத்தியிருக்காரு. போர்டு பழசு, சிப்பு வேற!

சி ஏத்துனாரு. டிஸ்க் வந்துச்சி. ஸ்கேன் வந்துச்சி. தங்கராசு ஃபிலிம சட்டைக்குள்ள வெச்சிக்கிட்டு மழையில ஓடுனாரு. ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சிது.

ஆனா கேளு. அவரு ஓடுனதும் மாமா மனசு நெறஞ்சி போயி, அந்தக் காலி ரூமப் பாத்துக் கும்புட்டு, "நன்றிண்ணே. புள்ள உசுரக் காப்பாத்திட்டீங்க"ன்னாரு.

பளார்!

அறைஞ்ச அறையில கீழ உழுந்துட்டாரு. அறை உழுந்த பக்கத்துக் காது இன்னிக்கும் கேக்காது. கன்னத்துல அஞ்சு வெரலும் பதிஞ்சிருந்துச்சி... செவப்பா இல்லடா. கறுப்பா. மார்க்கர் மை. ஒரு வாரம் கழுவியும் போவல.

அப்ப ஆரோக்கியராஜ் சி-ன்னு எழுதிக் காட்டுனது பாப்பாவுக்காகவே இல்லியா? தன்னோட கார்ட எவனும் கெடுத்துடக் கூடாதுன்னு மட்டுந்தானா? நீங்க என்னா நெனைக்கிறீங்க, சீக்கிரம் சொல்லுங்களேன்?