ஆட்டுக்கு அடித்த மணி

கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சபை முன் சாட்சி சொல்ல எழுந்த பெண்ணைப் பாதியில் மணி அடித்து உட்காரவைத்தது மாதர் கன்வென்ஷன் செயலாளரம்மா செய்த தப்பு. கூட்டம் முடிந்து அகரம் போகும் பஸ்ஸில் அந்தப் பெண்ணும் அவள் தோழியும் என் முன் சீட்டில் இருந்தார்கள்.

“இருக்கிறது மூணு நிமிஷம். அய்யலூர்ச் சந்தையில ஆடு வாங்குன கதையிலயா ஆரம்பிப்ப, ரூத்து?” என்றாள் தோழி.

“வேற எங்கன ஆரம்பிக்க, அக்கா? எனக்குப் பால் வத்திப்போச்சு. அந்த ஆட்டுப் பாலுலதான பிள்ள பொழச்சான்.”

“ஆடு கருப்பா வெள்ளையான்னு கர்த்தர் கேட்டாராடி?”

“சிரிக்காதீக. பிள்ள பொழச்சா சபை நடுவுல சொல்றேன்னு பொருத்தனை பண்ணிருக்கேன். பிள்ளகிட்ட வாரதுக்குள்ள மணி அடிச்சிட்டாக.”

தோழி சிரிப்பை நிறுத்தி அவள் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

“அழாத. நாளைக்கு என் முறை. என் மூணு நிமிஷத்தையும் நீயே எடுத்துக்க. கொம்ப மட்டும் வர்ணிக்காத, தாயி.”

தோழி ஏன் தன் நேரத்தைக் கொடுக்கவேண்டும்? செயலாளரம்மா ஆண்டறிக்கை வாசிக்க அரை மணி நேரம் எடுத்தார். அப்போது மணி எங்கே போயிருந்தது? நாளைக்கு மேடை ஏறி, எல்லார் முன்னாலும் அவர் பதில் சொல்லட்டும்.